ஒரு கையில் ஆறு உர மூட்டை

எங்கள் பள்ளி இயற்பியல் புத்தகத்தில், முடுக்கம் பற்றிய பாடத்தில் ஒரு படம் இருக்கிறது. கேளிக்கைப் பூங்காவின் ரயிலில் நான்கு பேர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாய் பிளந்து சிரிக்கிறார்கள். அடுத்த பக்கத்தில் ராக்கெட்டுக்குள் ஒருவர் படுத்திருக்கிறார். மனித உடம்பு எத்தனை ஜி தாங்கும் என்று கீழே ஒரு கேள்வி. தோட்டத்து லோரியில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போகிறவர்களைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. ராக்கெட்டில் போகிறவருக்கு மெத்தை உண்டு, வார் உண்டு, முன்கூட்டியே கணக்குப் போட ஆட்களும் உண்டு. எங்கள் ஆட்களுக்கு ஒரு இரும்புக் கம்பி.

நான் மலாய் நாட்டு மலையூரான தானா ராத்தாவில் ஒரு இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். என் அக்கா இன்னும் அதே தோட்டத்தில்தான் வேலை செய்கிறாள். அப்பா இறந்தபோது இரண்டு பேரையும் படிக்கவைக்க அம்மாவால் முடியவில்லை. நான் படித்தேன், அவள் கொழுந்து கிள்ளப் போனாள். இதைச் சொல்லிக்காட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. எனக்குத்தான் அது தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

இப்போதெல்லாம் கொழுந்து கிள்ளுவதில்லை, மெஷினால் வெட்டுகிறார்கள். நீளமான மெஷின். தேயிலை வரிசையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அக்காவின் மெஷினுக்கு மறுமுனையில் எப்போதும் ஒரே ஆள்தான், தோட்டத்து மண்டோரின் மனைவி. மண்டோர் என்றால் வேலையாட்களை மேய்க்கிறவர். யாருக்கு எந்த மலை, யார் எந்த லோரி என்று சொல்வதெல்லாம் அவர்தான். அவரை நாங்கள் அண்ணன் என்போம், அவர் மனைவியை அண்ணி என்போம். ரத்த உறவு இல்லை, பக்கத்து வீட்டு உறவு. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனையாக அந்த மெஷினைப் பிடித்து நடந்து, ஒருத்தி நின்றால் மற்றவளும் நிற்கும் அளவுக்குப் பழகிப்போயிருந்தார்கள்.

லோரியில் ஏறுவதற்கு எங்கள் தோட்டத்தில் ஒரு முறை இருந்தது. மதியம் கொழுந்தை எடைபோட்டு, மூட்டைகளை லோரியின் பின்பாதியில் அடுக்குவார்கள். கொழுந்து மிதிபடாமல் இருக்க நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு முன்னால், டிரைவர் தலைக்குப் பின்பக்கம், குறுக்கே ஒரு கம்பி. உள்ளூர்த் தமிழ்ப் பெண்கள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்று வருவார்கள். இந்தோனேசியாவிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் பின்னால் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வருவார்கள். இந்த முறையை வைத்தது மண்டோர் அண்ணன். ஒருமுறை நான் அவரைக் கிண்டலாகக் கேட்டேன், "என்னண்ணே, அவங்க சொகமா மெத்தையில வராங்க, நம்ம ஆளுங்க கால் கடுக்க நிக்கிறாங்க?"

அவர் சிரிக்கவில்லை. "நம்ம பாட்டன் பூட்டன வெள்ளக்காரன் கப்பல்ல மூட்டையோட மூட்டையா போட்டுத்தான் கொண்டாந்தான். அது போதும்லா. நம்ம பொம்பளைங்க நிமிந்து நின்னுதான் வரணும்" என்றார்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. லோரி லயத்துப் பக்கம் வரும்போது முன்வரிசையில் அவர்கள் தலைத்துணி பறக்க நின்று வருவதைப் பார்த்தால் ராணிகள் மாதிரிதான் இருக்கும். அந்த இடத்துக்காக அவர்களுக்குள் சண்டைகூட வந்திருக்கிறது. அண்ணிக்கு எப்போதும் கம்பியின் நடுவிடம், மண்டோர் மனைவி அல்லவா. அவருக்கு அடுத்து, இடது ஓரத்தில் அக்கா. அந்த ஓரத்தில் மழைக்குப் போர்த்தும் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். இறக்கத்தில் அண்ணிக்குத் தலை சுற்றும். அதனால் அக்கா ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அண்ணியின் கையையும் பிடித்துக்கொள்வாள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் இது.

போன வருஷம் மழைக்காலத்தில், ஆலைக்கு இறங்கும் வளைவில் லோரிக்கு பிரேக் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கம் மண்மேடு. டிரைவர் தைரியமான ஆள், மண்மேட்டில் கொண்டுபோய் முட்டி நிறுத்தினார். இல்லையென்றால் ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டார்கள். பின்னால் மூட்டைகளுக்கு நடுவில் இருந்தவர்களுக்குச் சிராய்ப்பு, சுளுக்கு, அவ்வளவுதான். முன்னால் நின்றவர்களில் இரண்டு பேருக்குக் கை உடைந்தது. அக்காவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அண்ணியின் நெஞ்சில் கம்பி மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் அக்காவைப் படுக்கவைத்திருந்த இடத்துக்கு அண்ணன் வந்தார். நானும் இருந்தேன். அவர் அழவில்லை, அக்காவைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார்.

"ஒன்ன நம்பித்தான அவ நின்னா? ஒரு கைய ஒன்னால புடிச்சிக்க முடியலையா?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் போய்விட்டார்.

மனைவியைப் பறிகொடுத்த மனுஷன் ஏதோ சொல்லிவிட்டார் என்று அன்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை லயத்துக்கு எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? "கைய விட்டுட்டாளாம்" என்றார்கள். அடுத்த வாரம் "தான் தப்பிச்சா போதும்னு கைய ஒதறிட்டாளாம்" என்றார்கள். கருமாதிக்கு அக்கா தோளில் கட்டுடன் போனாள். யாரும் அவளை வா என்று சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்தாள். தோட்டத்து ஆபீஸ் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தது. லோரிக்கு பிரேக்கை மாற்றி, கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் மலாயில் ஒரு பலகை மாட்டியது. கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். அதாவது பிரேக்கின் மேல் குற்றமில்லை, பிடித்தவர்களின் மேல்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அக்காவே அதை நம்பத் தொடங்கியதுதான் எனக்குத் தாங்கவில்லை. சோறு பிசைவதை நிறுத்தி வலது உள்ளங்கையை விரித்துப் பார்ப்பாள். அண்ணியைப் பிடித்திருந்த கை அது. "இன்னும் கொஞ்சம் இறுக்கிப் புடிச்சிருக்கலாம்டி" என்பாள். நான் ஆறுதல் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். "நீ என் தங்கச்சி, அப்படித்தான் சொல்லுவ."

சரி, தங்கச்சி சொல்ல வேண்டாம், கணக்கு சொல்லட்டும் என்று முடிவு செய்தேன். கணக்குக்கு அக்காவும் கிடையாது தங்கச்சியும் கிடையாது.

டிரைவரைப் போய்ப் பார்த்தேன். மோதும்போது முள் முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவில் நின்றது என்றார். மண்மேட்டைப் போய்ப் பார்த்தேன். லோரியின் மூக்கு புதைந்த பள்ளம் இன்னும் மூடவில்லை. நசுங்கிய மூக்கையும் சேர்த்து, நிற்பதற்கு லோரிக்குக் கிடைத்த தூரம் சுமார் ஒரு மீட்டர். இது போதும்.

மாணவர்களுக்குச் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன். வேகம் ஆளைக் கொல்வதில்லை. அந்த வேகம் எவ்வளவு இடத்துக்குள் நிற்கிறது என்பதுதான் கொல்கிறது. சும்மா நிற்கும்போது நம் உடம்பில் நாம் உணரும் கனம் ஒரு ஜி. மணிக்கு முப்பத்தாறு கிலோமீட்டர் என்றால் நொடிக்குப் பத்து மீட்டர். வேகத்தை வேகத்தால் பெருக்கினால் நூறு. நிற்கக் கிடைத்த தூரத்தின் இரண்டு மடங்கால் அதை வகுக்க வேண்டும். தூரம் ஒரு மீட்டர், ஆகவே ஐம்பது வரும். அதைப் பூமியின் இழுப்பான ஒன்பது புள்ளி எட்டால் வகுத்தால் ஐந்துக்குச் சற்று மேல். ஐந்து ஜி. அந்த ஒரு கணத்தில் லோரியில் இருந்த ஒவ்வொருவரும் தங்கள் கனத்தைப்போல ஐந்து மடங்கு கனத்தோடு முன்னால் இழுபட்டிருக்கிறார்கள். அண்ணி அறுபது கிலோ இருப்பார். ஐந்து மடங்கு முந்நூறு கிலோ. தோட்டத்தில் உர மூட்டை ஐம்பது கிலோ, அதை ஏற்ற இரண்டு ஆண்கள் வேண்டும். என் அக்கா ஒரு கையில் ஆறு உர மூட்டையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும் என்று இந்த ஊர் எதிர்பார்த்திருக்கிறது.

அந்த எண் வந்தபோது எனக்கு ஆத்திரத்தில் சிரிப்புதான் வந்தது. மறுநாளே அண்ணனிடம் போய் இதை வைத்துவிட வேண்டும், லயத்தின் நடுவில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அதற்கு முன்னால் அக்காவிடம் சொன்னேன். அவளைச் சமையலறையில் உட்காரவைத்து, மாணவிக்குச் சொல்வதுபோலப் படிப்படியாகச் சொன்னேன். "ஆறு உர மூட்டைக்கா. ஒன்னால முடியுமா? பயில்வானாலயும் முடியாது. கை தானா பிரிஞ்சிருக்கு. நீ விடல."

அக்கா வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கண்ணீர் வந்தது. அந்தச் சாவுக்குப் பிறகு அவள் அப்படி அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கும் நெஞ்சு லேசாகிவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாத்தியார் புத்தி, பாடத்தை முழுதாக நடத்தாமல் விடாது. உன் ஓரத்தில் தார்ப்பாய்ச் சுருள் இருந்தது, அது அமுங்கிக் கொடுத்ததால்தான் நீ பிழைத்தாய் என்றேன். பின்னால் இருந்தவர்களைக் கொழுந்து மூட்டை அரை மீட்டர் அமுங்கித் தாங்கியது, அவர்களுக்கு மூன்றரை ஜிக்கும் குறைவு என்றேன். கம்பி அமுங்காது, முழங்கை தூரத்திலிருந்து கம்பியில் போய் மோதுகிற நெஞ்சுக்கு, குறைத்துக் கணக்குப் போட்டாலும் இருபத்தைந்து ஜி என்றேன்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அண்ணி பின்னால மூட்டையில உக்காந்து வந்திருந்தா?"

நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன்.

"சொல்லுடி. பொழச்சிருப்பாங்களா?"

"பொழச்சிருப்பாங்க."

"அங்க உக்காரக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

அது இருவருக்குமே தெரியும். அக்கா எழுந்து அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

"இத அவருகிட்ட சொல்லிடாத."

"அவரு ஒன்ன என்னவெல்லாம் பேசுறாரு? ஊரே பேசுது. ஒனக்குச் சூடு சொரணை இல்லையாக்கா?"

"என்னப் பேசி அந்த மனுசன் காலத்த ஓட்டிக்கிட்டு இருக்காரு. தன்னாலதான்னு தெரிஞ்சா உசுர வச்சிருக்க மாட்டாரு. அந்தப் புள்ளைக்கு அப்பனும் இல்லாம போயிடும். நீ சொல்லக்கூடாது."

புள்ளை என்றது அவர்களுடைய மகளை, ஐந்தாம் படிவத்துப் பள்ளி இறுதிப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த பெண். எனக்கு அண்ணன்மேல் இருந்த கோபத்தைவிட அக்காமேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. தியாகம் என்று இதற்குப் பெயர் வைத்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தன் பெயரைத் தானே சாணியில் போட்டு மிதிப்பதற்கு வேறு பெயர் இருக்கவேண்டும். ஆனாலும் சத்தியம் வாங்கிவிட்டாள். வாயை மூடிக்கொண்டேன்.

தோள் ஆறியதும் அக்கா வேலைக்குத் திரும்பினாள். முதல் நாளே லோரியின் முன்பக்கம் போகாமல், பின்னால் போய் இந்தோனேசியப் பெண்களோடு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாள். கணக்குப்படி சரியான காரியம். அந்த லோரியிலேயே பாதுகாப்பான இடம் எதுவென்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஆனால் முன்னால் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மண்டோர் அண்ணன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாராம்:

"பாத்தீங்களா? குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்லா. அவளால அங்க நிக்க முடியல."

அன்று முதல் அதுவே சாட்சி ஆகிவிட்டது. கையை விட்டதற்கு வேறு அத்தாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை. மெஷினின் மறுமுனையைப் பிடிக்கத் தமிழ்ப் பெண்கள் எவரும் வரவில்லை. அக்கா ஒரு இந்தோனேசியப் பெண்ணோடு அரைகுறை மலாய் பேசிக்கொண்டு வேலை பார்த்தாள். பள்ளியில் அதே பாடம் வந்தது. ராக்கெட்காரர் படத்தைப் போட்டு ஜி கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் உற்சாகமாகப் போட்டார்கள். பின் பெஞ்சில் ஒரு மாணவன் கேட்டான், "டீச்சர், இது நமக்கு எங்க தேவைப்படும்?" ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தோட்டத்தில் என்னை ஏற்கெனவே கிண்டல் செய்வார்கள். அவனிடம் பரீட்சைக்கு வரும் என்றேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை மதியம், கியா பார்ம் சந்தைப் பக்கம் காய்கறி வாங்கிக்கொண்டு தோட்டத்து வழியாக வந்தேன். அக்காவுக்கு முட்டைக்கோஸ் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் காரை நிறுத்தினேன். மழை வரும் போல இருந்தது. மூட்டைகளை ஏற்றி முடித்து ஆட்கள் லோரியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அக்கா பின்னால் உட்கார்ந்திருந்தாள். கீழே அண்ணன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு நின்றார். பரீட்சை முடிவு வரும்வரை வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அந்த வாரம்தான் அவளை வேலைக்குச் சேர்த்திருந்தார். கையுறையும் தொப்பியுமாக அவள் அண்ணியை உரித்து வைத்ததுபோல இருந்தாள்.

"முன்னால ஏறும்மா. நடுவுல. உங்கம்மா நின்ன எடம்" என்றார் அண்ணன். அந்தக் குரலில் பெருமைதான் இருந்தது. மற்ற பெண்கள் விலகி அவளுக்கு இடம் விட்டார்கள்.

பின்னாலிருந்து அக்கா எழுந்துவிட்டாள். "பாப்பா, இங்க வாம்மா. என் பக்கத்துல வந்து உக்காரு."

அண்ணன் திரும்பினார். "நீ ஒருத்தியப் புடிச்சது போதும்."

அந்தப் பெண் தன் அம்மாவின் நெஞ்சு மோதிய கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா நின்ற இடத்திலிருந்து என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ.

நான் அண்ணனிடம் போனேன்.

"அண்ணே, புள்ளைய எறக்கிப் பின்னால உக்கார வைங்க."

"எதுக்கு?"

"ஒரு உர மூட்டைய ஒத்தக் கையால புடிச்சித் தூக்குவீங்களா?"

"என்ன பேச்சு இது?"

"அன்னிக்கு எங்கக்கா கையில ஆறு மூட்டை கனம் இருந்துச்சு."

சொன்னேன், முழுவதையும். வேகம், மண்மேடு, ஒரு மீட்டர், ஐந்து மடங்கு. அவர் மறுத்துப் பேசவில்லை. உர மூட்டையின் கனம் அவருக்குத் தெரியும், அதனால் புரிந்துவிட்டது. லோரியைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார். அக்கா கேட்ட அதே கேள்வியை, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் கேட்டார்.

"அப்ப அவ பின்னால உக்காந்து வந்திருந்தா?"

பொய் சொல்ல எனக்கு ஒரு கணம் இருந்தது. மகள் கம்பியைப் பிடித்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொழச்சிருப்பாங்கண்ணே."

அவர் லோரியில் ஏறினார். மகளின் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, தடுப்பைத் தாண்டவைத்து, மூட்டைகளுக்கு நடுவே அக்காவின் பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு மற்ற பெண்களைப் பார்த்துப் பின்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். கீழே இறங்கித் தன் மோட்டார் சைக்கிளிடம் போனவர் ஏறவில்லை, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மழை பிடித்துக்கொண்டது. லோரி அவரைத் தாண்டிப் போன பிறகும் அங்கேயே நின்றார்.

அதற்குப் பிறகு அவர் மண்டோர் வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். மகள் சோறு வைத்தால் சாப்பிடுகிறார், வைக்காவிட்டால் கேட்பதில்லை. கையை விட்டுவிட்டாள் என்று இப்போது எங்கள் லயத்தில் ஒருவரும் சொல்வதில்லை. அந்தப் பேச்சு அப்படியே புரண்டு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. "பொண்டாட்டிய அவரே கொண்டுபோயி நிறுத்தினாராம்" என்கிறார்கள், நேற்றுவரை அந்த இடத்துக்காகச் சண்டை போட்டவர்கள். எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தப் பெண் மறுபடி அந்தக் கம்பியைப் பிடித்து நின்றால், நான் மறுபடி சொல்வேன்.

லோரி மழையில் போன அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் ஈர உடையைக்கூட மாற்றவில்லை. நான் கொண்டுபோன முட்டைக்கோஸை வாங்கி மேசையில் வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். திட்டவில்லை. அடுத்த வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமும் சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை இருந்துவிட்டு அக்கா சொன்னாள்:

"நல்லா சுமந்துக்கிட்டுத்தானடி இருந்தேன். ஒன்ன யாரு எறக்கச் சொன்னா?"